சுவரொட்டியில் வராத சென்னை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் திரைப்படம் சாராத பாடல்களைப் பற்றியும் இளம் ஓவியர்களைப் பற்றியும் இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன: இவற்றையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது? ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரன். பெருங்குடியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சனி, ஞாயிறு வந்தால் வணிக வளாகம், இல்லாவிட்டால் கடற்கரை. இரண்டிலும் சினிமாப் பாட்டுதான் காதில் விழுகிறது. சொந்தமாகப் பாட்டு எழுதி இசையமைத்துப் பாடும் குழுக்கள் சென்னையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களை எங்கே கேட்கலாம்? – வாசகர், பெருங்குடி

இருக்கிறார்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறார்கள். கர்நாடக இசைக்கு மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் இருப்பதுபோல் இவர்களுக்கென்று தெருவுக்குத் தெரு அரங்கம் அமையவில்லை என்பதால், தேடிப் போகிறவர்களின் கண்ணில்தான் படுகிறார்கள். ஒரு வாரம் உணவகத்தின் மாடி, மறுவாரம் ஒரு பண்பாட்டு மையத்தின் முற்றம், அதற்கடுத்து கல்லூரி விழா அல்லது யாரோ ஒருவருடைய ஒலிப்பதிவுக் கூடம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். எனவே இடத்தைத் தேடி அலைவதைவிட ஆளைப் பிடித்துக்கொள்வது நல்லது.

தொடங்குவதற்கு உகந்த நாள் ஒன்று உண்டு: ஜூன் 21, உலக இசை நாள். 1982-இல் பிரான்சில் தொடங்கிய இந்த வழக்கத்தை, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் நம் ஊருக்குக் கொண்டுவந்தது; அந்த நாளையொட்டி அங்கே உள்ளூர்க் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறுவது வழக்கம். எல்லாமே பிடித்துவிடும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இரண்டு குழுக்கள் உங்கள் பொறுமையைச் சோதிக்கும், இரண்டு பரவாயில்லை என்று தோன்றும், ஒன்று உங்களை நிமிர்ந்து உட்காரச் செய்யும். அந்த ஒன்றின் டிரம்மர் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் ஒரு குழுவோடு நின்றுவிடுவார், கிட்டார் வாசிப்பவர்களுக்கோ பஞ்சமே இல்லை. நல்ல டிரம்மருக்கு மட்டும் எப்போதும் தட்டுப்பாடு என்பதால், அவர் குறைந்தது மூன்று குழுக்களுக்காவது வாசித்துக்கொண்டிருப்பார். அவர் போகும் இடமெல்லாம் நீங்களும் போனால் மற்ற இரண்டு குழுக்களும் தாமாகவே அறிமுகமாகிவிடும்.

அதற்கு முன் வீட்டிலிருந்தே காதைப் பழக்கிக்கொள்ள விரும்பினால், 2012-இல் உருவாகி ஆங்கிலத்தில் பாடிவரும் தி எஃப்16ஸ் குழுவையும், கர்நாடக இசையோடு ஜாஸையும் ராக்கையும் சேர்த்து வாசிக்கும் ஜடாயு குழுவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டும் சென்னையில் பிறந்தவைதாமா என்று வியப்பீர்கள்.

நேரில் கேட்பதன் ருசி வேறு. சென்ற ஆண்டு அடையாற்றில் ஒரு சிறிய உணவகத்தின் மாடியில் நடந்த நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். முப்பது பேர்கூட இல்லை. மின்விசிறியின் சத்தம் மைக்கில் விழுகிறது என்று விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். பாடிய பெண், இரண்டாவது பாட்டு முடிவதற்குள் வியர்வையில் நனைந்து, யாரிடமோ துண்டு வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பாட்டை முந்தைய இரவுதான் எழுதி முடித்ததாகவும் கடைசிச் சரணம் மறந்துபோனால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டுத் தொடங்கினார். மறக்கத்தான் செய்தார். முன்வரிசையில் இருந்த தோழி கைபேசியைப் பார்த்து அடி எடுத்துக் கொடுத்தார். நிகழ்ச்சி முடிந்ததும் அதே பெண் வாசலருகே ஒரு மேசையைப் போட்டு, தாமே அச்சிட்ட டி-ஷர்ட்டுகளை விற்றுக்கொண்டு, வந்தவர்களின் பெயரையும் எண்ணையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வாங்கினார். அப்படியொரு நோட்டு உங்கள் கைக்கு வரும்போது தயங்காமல் எழுதுங்கள். அடுத்த நிகழ்ச்சி எங்கே என்ற தகவல் அதில் எண் எழுதியவர்களுக்குத்தான் முதலில் வந்து சேரும்.

கேள்வி: கானாவைச் சுயாதீன இசை என்று சொல்லலாமா? சொன்னால் என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். – வாசகர், பெரம்பூர்

சொல்லலாம், வயதைக் கணக்கிட்டால் முதல் நாற்காலியே அதற்குத்தான். எந்த நிறுவனமும் பணம் போடாமல், எந்தச் சபாவும் மேடை தராமல், எழுதியவரே மெட்டுக் கட்டி, கையில் கிடைத்ததைத் தட்டித் தாளமாக்கி, வட சென்னையின் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடி வளர்த்த இசைக்கு அந்தப் பட்டத்தை வேறு யார் கொடுக்க வேண்டும்? சினிமா அதை எடுத்துக்கொண்டபோது தாளத்தைக் கொண்டுபோய்விட்டுத் துக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டது என்பது என் நெடுநாள் வருத்தம்.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், ராக் வாத்தியக்காரர்கள் என அனைவரும் ஒரே வரிசையில் நின்ற அந்தக் குழுவின் பெயர், சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்தது. ஆண்களின் குரலாகவே அறியப்பட்ட கானாவைப் பாடி வந்த அக்குழுவின் இசைவாணி, 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். நண்பர்கள் மறுபடியும் சிரித்தால், கைபேசியில் அவர் பாட்டைப் போட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

கேள்வி: ஓவியக் கண்காட்சிகளுக்குப் போக ஆசை. ஆனால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையக் கூச்சமாக இருக்கிறது. வாங்கும் வசதி இல்லாதவர்கள் போகலாமா? போனால் எதை, எப்படிப் பார்ப்பது? – வாசகி, அம்பத்தூர்

முதன்முறை நான் போனபோது, செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று வாசலில் வெகுநேரம் நின்று, கடைசியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். உள்ளே அத்தனை பேர் காலிலும் செருப்பு இருந்தது. ஆகவே உங்கள் கூச்சம் எனக்குப் புதிதல்ல. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள் யாராவது வந்து பார்க்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள். வார நாளின் பிற்பகலில் போனால், ஓவியரே எழுந்து வந்து பேசுவார்.

கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்திலிருந்து தொடங்குங்கள். அரசு நிறுவனம் என்பதால் கண்ணாடிக் கதவின் மிரட்டல் அங்கே குறைவு. பெயர் பெறாத இளையவர்களின் படைப்புகளும் அங்கே அடிக்கடி காட்சிக்கு வரும். மேசைமேல் விலைப்பட்டியல் இருந்தால் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. படத்தின் அருகே சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று பொருள். தகட்டில் செதுக்கி அச்செடுக்கும் அச்சோவியங்களின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 3/25 என்பதுபோல் எழுதியிருப்பதைக் காண்பீர்கள். அந்தத் தகட்டிலிருந்து எடுத்த இருபத்தைந்து பிரதிகளில் அது மூன்றாவது. ஒரே படம் பல பிரதிகளாக வருவதால் விலை குறைவு. முதன்முதலாக ஓர் அசல் படைப்பை வாங்க நினைப்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஓவியரிடம் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிடாதீர்கள், இருவருக்குமே சங்கடம். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அரைமணி நேரம் பேசுவார்.

நவீன ஓவியம் உங்களுக்கு அந்நியமானது என்றும் எண்ண வேண்டாம். கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளையும் டிராட்ஸ்கி மருதுவின் கோடுகளையும் தமிழ் இதழ்களின் பக்கங்களில், கதைகளுக்கு நடுவே, பெயரைக் கவனிக்காமலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருவரும் படித்தது, 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய, இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் அதே கலைப் பள்ளியில்தான். மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், படிப்பை முடித்த மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வழியின்றி ஓவியத்தையே விட்டுவிடுவதைக் கண்டு, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, கைவினையால் பிழைத்துக்கொண்டு ஓவியம் வரைவது என்பது அவர்களின் ஏற்பாடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அது இன்றும் இருக்கிறது. உள்ளே உள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால், பிறகு எந்தக் கண்ணாடிக் கதவும் உங்களை அச்சுறுத்தாது.

கதவே இல்லாத கண்காட்சியும் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகர், நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக 2000-ஆம் ஆண்டையொட்டி எழுந்த குடியிருப்பு. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அதன் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்களைத் தீட்டச் செய்தது. நான் போயிருந்த காலையில், சுவர் முழுவதும் விரிந்திருந்த ஒரு முகத்தின் கன்னத்துக்குக் குறுக்கே கொடி கட்டி ஒரு நீலக் கைலியும் பள்ளிச் சீருடையும் காய்ந்துகொண்டிருந்தன. அந்த முகத்தின் மூக்கருகே இருந்த சன்னலிலிருந்து ஒரு பாட்டி வாளியைக் கயிற்றில் இறக்கினார். அங்கே போனால் சுவரை மட்டும் படமெடுங்கள்; சன்னல்களுக்குள் வீடுகள் இருக்கின்றன.

கேள்வி: என் மகன் 4,500 ரூபாய் கொடுத்து ஒரு கட்டம் போட்ட சட்டை வாங்கி வந்திருக்கிறான். சென்னையைச் சேர்ந்த இளம் வடிவமைப்பாளர் தைத்தது, கைத்தறி, இயற்கைச் சாயம் என்கிறான். எங்கள் காலத்தில் இதைக் கைலித் துணி என்போம். ஏமாந்துவிட்டானா? – வாசகர், நங்கநல்லூர்

சட்டையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஐயா. ஆனால் கைலித் துணி என்று நீங்கள் சொன்னது வசவு அல்ல. அந்தத் துணிக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. இந்த ஊரே துணிக்காக வளர்ந்த ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த சிந்தாதிரிப்பேட்டையின் பெயரைச் சின்னத் தறிப் பேட்டை என்று விளக்குவார்கள். மெட்ராஸ் கட்டம் போட்ட துணி இங்கிருந்து கப்பலேறி உலகமெங்கும் சென்றது. 1958-இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் அதை ஆயிரக்கணக்கான கஜம் வாங்கிச் சென்று புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குக் கொடுத்தார் என்றும், குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையைச் சொல்ல மறந்ததால் வாங்கியவர்களின் மற்ற உடைகளிலெல்லாம் சாயம் ஏறி வழக்குவரை போகவிருந்த நிலையில், சாயம் போவதையே பெருமையாக்கி "நிச்சயம் சாயம் போகும்" என்று விளம்பரம் செய்து விற்றார்கள் என்றும் ஒரு கதை துணி வணிகத்தில் வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது.

எனக்கும் அந்த விளம்பரம் முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் அவுரிச் சாயமிட்ட சட்டை ஒன்றை வாங்கி, வழக்கம்போல் வேட்டியோடு சேர்த்து ஊறவைத்தேன். மறுநாள் ஒரு திருமணத்துக்கு வெளிர்நீல வேட்டியில் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விற்றவரிடம் கேட்டபோது, அதுதான் இயற்கைச் சாயத்துக்குச் சான்று என்று சொல்லிவிட்டார். அது பாதி உண்மைதான்: நன்றாகச் சாயமேற்றி நன்றாக அலசிய துணி முதல் சில சலவைகளில் கொஞ்சம் விடும், பிறகு நின்றுவிடும்; வாளி வாளியாகப் போவது அவசரத்தில் செய்த வேலை.

மகனுடைய சட்டைக்கு வருவோம். தைத்த துணியைவிட மீட்டர் துணியில்தான் கைத்தறியை எளிதில் அடையாளம் காணலாம்: துணியின் இரு கரைகளிலும், தறியில் அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடித்ததற்கான மெல்லிய ஊசித் துளைகள் தெரியும், குறுக்கே ஓடும் ஊடு இழைகளின் நெருக்கத்தில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். 2006 முதல் மத்திய அரசின் கைத்தறி முத்திரையும் நடைமுறையில் இருக்கிறது. முத்திரை இல்லாததாலேயே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சிறிய வடிவமைப்பாளர்கள் பலர் அதற்கு விண்ணப்பிப்பதில்லை. அவர்களிடம் நெய்தது எந்த ஊர், சாயமிட்டது யார், தைத்தவருக்குக் கூலி என்ன என்று கேட்டால், உண்மையானவர் சலிக்காமல் சொல்வார். பூசி மெழுகுபவர் "கைவினைஞர்கள்" என்ற ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவார்.

ஒப்பிட்டுப் பார்க்க, எழும்பூரில் 1935 முதல் இயங்கும் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸின் கடைக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி காலத்திலிருந்து நடக்கும் நெசவுக் கூடத்தில், சேலைகளின் பழைய கோயில் கரைகள் இன்று எப்படி நெய்யப்படுகின்றன என்று பார்க்கலாம். இளம் வடிவமைப்பாளர்களின் கை எந்தப் பக்கம் போகிறது என்று அறிய, தரமணியில் 1995 முதல் இயங்கும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் இறுதியாண்டு மாணவர் காட்சி நல்ல இடம். ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையின் அமேதிஸ்ட் போன்ற ஆடைக் கடைகளுக்கு அந்தத் துணிகள் பிறகு வந்து சேரும், விலையும் கூடவே ஏறியிருக்கும். 4,500 ரூபாய் எனக்கும் அதிகம்தான். ஆனால் அந்தச் சட்டையை அவன் பத்து ஆண்டுகள் போட்டால், நீங்கள் தீபாவளிதோறும் வாங்கிக் கொடுத்ததைவிட மலிவு.

கேள்வி: ஜனவரியில் ஒரு வாரம் சென்னைக்கு வருகிறேன். சபா கச்சேரிகள் வேண்டாம், புதியதாக எதைப் பார்க்கலாம்? – வாசகி, கோலாலம்பூர்

பொங்கலையொட்டி வாருங்கள். 2007-இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2023-இல் மீண்ட சென்னை சங்கமம் அப்போது பூங்காக்களிலும் திடல்களிலும் நடக்கும், கட்டணம் இல்லை. அங்கே பறை அடிப்பவர்களின் தாளத்தைக் கேட்டபின் இங்குள்ள புதிய குழுக்களைக் கேட்டால் வேர் எது என்று விளங்கும். ஐ.ஐ.டி. மாணவர்களின் கலைவிழாவான சாரங்கும் ஜனவரியில்தான் வரும். பயணச்சீட்டை டிசம்பர் இறுதிக்கு மாற்ற முடிந்தால், 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் நடத்திவரும் மார்கழியில் மக்களிசை என்ற இசை விழாவும் கிடைக்கலாம். 2016-இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட விழாவும் உண்டு. அது ஈராண்டுக்கொரு முறை என்ற எண்ணத்தில் தொடங்கிய விழா, இடைவெளி மட்டும் முன்பின்னாக இருக்கும், ஆகவே புறப்படுமுன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாலையைப் பெசன்ட் நகருக்கு வையுங்கள். நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த, எலியட்ஸ் கடற்கரை ஓரத்து ஸ்பேசஸ் வளாகத்தில் நாடகமோ நடனமோ இருந்தால் விடாதீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். 2015-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் அவர் தோழர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து, வலை உலரும் மணலில் கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் ஒரே மேடையில் ஏற்றிய இடம் அது.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். ஆறு பாடல்களைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிட்டோம். எட்டு மாதங்களில் எண்ணூறு பேர்கூடக் கேட்கவில்லை. கேட்க வருபவர்களுக்கே வழி சொல்கிறீர்களே, எங்களுக்கு ஒன்று சொல்லக் கூடாதா? – வாசகர்கள், வியாசர்பாடி

நியாயமான கோபம். முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை எதுவும் கிடையாது. ஆகவே ஆறு பாடல்களையும் ஒரேயடியாகக் கொட்டியதுதான் உங்கள் பிழை. கேட்க வந்த சிலரும் ஆறாகப் பிரிந்துவிட்டார்கள். அடுத்த முறை ஒவ்வொன்றாக, ஆறு வார இடைவெளியில் வெளியிடுங்கள். கூடவே பேண்ட்கேம்பிலும் ஏற்றுங்கள்: அங்கே கேட்பவர் பாட்டை விலைக்கு வாங்குகிறார், தளம் எடுத்துக்கொள்வது பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து, 2020-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி என்ற குறிப்பிட்ட சில நாள்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கிய நூறு பேர், இலவசமாகக் கடந்துபோன ஆயிரம் பேரைவிட உங்கள் அடுத்த நிகழ்ச்சிக்கு வருவார்கள்.

பாட்டின் விவரக் குறிப்பில் வாசித்தவர், பதிவு செய்தவர், அட்டைப்படம் வரைந்தவர் என்று அத்தனை பெயர்களையும் தமிழிலும் எழுதுங்கள். மேலே பெருங்குடி வாசகரை டிரம்மரைத் தேடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் டிரம்மரின் பெயர் எங்கும் இல்லையென்றால் அவர் எப்படித் தேடுவார்? அட்டைப்படத்துக்குக் கவின்கலைக் கல்லூரி மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். அவருடைய நண்பர்கள்தான் உங்கள் முதல் ரசிகர்கள்.

நால்வருக்குள் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். பாடலாசிரியரும் இசையமைத்தவரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற இசை உரிமைத்தொகை அமைப்பில் உறுப்பினராகச் சேரலாம். பாட்டு பொது இடத்தில் ஒலிக்கும்போது அவர்களுக்குச் சேர வேண்டிய தொகையைத் திரட்டித் தருவது அதன் வேலை. விண்ணப்பத்தில் மேடைப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல், வந்த முதல் தொகைக்காக மாதக்கணக்கில் அலைந்த ஒரு பாடகரை எனக்குத் தெரியும்.